பிதாயா

அரபு படிக்க உட்காரும் எவருக்கும் தொடக்க நாட்களிலேயே அறிமுகமாகிற சொற்களுள் ஒன்று பிதாயா. தொடக்கம் என்று பொருள். பா, தால், ஹம்ஸா என்ற மூன்று எழுத்துகள் அதன் வேர். அந்த வேரில் ஒரு குடும்பமே தழைத்திருக்கிறது. பதஅ என்றால் தொடங்கினான். இப்திதா என்றால் தொடங்குதல். அரபு நாடுகளில் ஆரம்பப் பள்ளிக்கு மத்ரஸா இப்திதாயிய்யா என்றே பெயர். புதிதாகக் கற்க வந்தவர் முப்ததி. ஒருவர் எதற்காகவும் விட்டுக்கொடுக்காத கொள்கையை மப்தஃ என்பார்கள். தொடங்கும் இடம் என்பது அதன் நேர்ப்பொருள். எந்த இடத்திலிருந்து அடியெடுத்து வைக்கிறோமோ அதுதான் நம் கொள்கை என்று அந்த மொழி நினைத்திருக்கிறது.

அன்றாடப் பேச்சில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது கடினமில்லை. ஃபில் பிதாயா என்றால் முதலில். மினல் பிதாயா என்றால் தொடக்கத்திலிருந்து. பிதாயா ஜதீதா என்றால் புதிய தொடக்கம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிதாயாவைத் தனியாகச் சொல்லி நிறுத்தும்போது அதன் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. மூச்சோடு மூச்சாக அடங்கிவிடுகிறது. வேறொரு சொல்லைச் சேர்த்து, எதனுடைய தொடக்கம் என்று சொல்லும்போதுதான் அந்த எழுத்து வாய் திறக்கிறது. மாதத்தின் தொடக்கத்தைச் சொல்ல பிதாயதுஷ் ஷஹ்ர் என்கிறோம். உள்ளே அடங்கியிருந்த தகரம் அப்போது வெளியே வருகிறது. அந்த எழுத்துக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் தா மர்பூதா, கட்டப்பட்ட தா. எதன் தொடக்கம் என்று தெரியாத தொடக்கத்தில் ஏதோ ஒன்று கட்டுண்டே கிடக்கிறது. அரபுப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் இதை வெறும் உச்சரிப்பு விதியாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அதைக் கடக்க மனம் வந்ததில்லை.

பழைய அகராதி ஆசிரியர்களுக்கு இந்தச் சொல்லின் மீது ஒரு மனக்குறை இருந்தது. ஹம்ஸாவோடு பிதாஆ என்று சொல்வதே செம்மை, யா சேர்த்துப் பிதாயா என்பது பாமரர் வழக்கு என்று 14ஆம் நூற்றாண்டின் ஃபய்யூமி தம் அல்மிஸ்பாஹுல் முனீர் அகராதியில் குறித்திருக்கிறார். ஆனால் பாமரர் வாயில் பிறந்த அந்த வடிவம்தான் இஸ்லாமிய உலகின் மூன்று பெரிய நூல்களின் நெற்றியில் ஏறியது. ஸ்பெயினின் குர்துபா நகரத்து நீதிபதி இப்னு ருஷ்து (1126–1198) சட்ட அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளை ஆராய்ந்து எழுதிய நூல் பிதாயதுல் முஜ்தஹித். 1373இல் மறைந்த, திமிஷ்க் என்ற டமாஸ்கஸின் இப்னு கஸீர், படைப்பின் முதல் கணத்தில் தொடங்கி இறுதி நாள் வரை எழுதிச் சென்ற வரலாறு அல்பிதாயா வந்நிஹாயா. மூன்றாவது நூல் அளவில் மிகச் சிறியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதிய பிதாயதுல் ஹிதாயா. நேர்வழியின் தொடக்கம். இந்த மூன்றில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தச் சிறிய நூல்தான்.

அதை எழுதியவர் தொடங்குவதற்கு எவ்வளவு சிரமப்பட்டார் என்று தெரிந்துகொண்டு அந்த நூலைத் திறந்தால் அதன் எளிமை வேறுவிதமாகத் தெரியும். கஸ்ஸாலி 1058இல் தூஸ் நகரில் பிறந்தார். 1091இல் பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அன்றைய உலகில் அதைவிட உயர்ந்த கல்விப் பீடம் ஒன்றிருந்ததா என்பது சந்தேகம். முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொன்னதாக அவரே தம் அல்முன்கித் மினள் ளலால் என்ற தன்வரலாற்று நூலில் எழுதுகிறார். புகழ், செல்வம், அமைச்சர்களின் மதிப்பு எல்லாம் கையில் இருந்தன. அந்த உச்சியில் நின்றபோது தம் நிய்யத்தை, உள்நோக்கத்தை, திறந்து பார்த்தார். கற்பிப்பது இறைவனுக்காக என்று நினைத்திருந்தது, உண்மையில் பேருக்கும் பெருமைக்குமாக இருந்தது என்பதைக் கண்டார்.

கண்ட பிறகும் உடனே கிளம்பிவிடவில்லை. ஒரு காலை முன்னே வைத்தால் மறுகாலைப் பின்னே இழுத்தார். காலையில் மறுமையின் ஆசை எழும். மாலைக்குள் பதவியின் ஆசை படையெடுத்து வந்து அதைக் கலைத்துவிடும். ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில், அதாவது 1095ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய இந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய ஆறு மாதங்கள் நீடித்தது. கடைசியில் நாவே கட்டிப்போனது. மாணவர் முன் உட்கார்ந்து ஒரு நாளாவது பாடம் சொல்லிவிட முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. உணவு இறங்கவில்லை. உள்ளத்தில் குடிகொண்ட துயரம் உடலில் இறங்கியிருக்கிறது, இதற்கு மருந்தில்லை என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். தம் முயற்சி அனைத்தும் ஓய்ந்த நிலையில், வேறு வழியற்றவர் கேட்பதுபோல் இறைவனிடம் கேட்டார். அதன் பிறகு எல்லாவற்றையும் விட்டுப் போவது எளிதாகிவிட்டது என்கிறார். குடும்பத்துக்குத் தேவையானதை வைத்துவிட்டு மிச்சத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு ஷாமுக்கு, அதாவது சிரியாவுக்குப் புறப்பட்டார். திமிஷ்கின் பெரிய பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்தார்.

நம்மில் பலர், தொடங்க முடியாமல் தவிப்பதை மன உறுதியின் குறைவு என்று எண்ணி நம்மையே கடிந்துகொள்கிறோம். அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான அறிவுக்கே ஒரு தொடக்கத்துக்கு ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் வீணில்லை. தன் பலத்தால் தொடங்கிவிடலாம் என்ற எண்ணம் கரைவதற்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டது.

பெருநூலான இஹ்யா உலூமித்தீனை எழுதிய பிறகே அவர் பிதாயதுல் ஹிதாயாவை எழுதினார். இதில் போதாதவர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இந்த நூலுக்குள்ளேயே சொல்கிறார். கடலைக் கடந்து வந்தவர் கரையில் நிற்பவர்களுக்காக எழுதியது இது. கல்வி தேடி வருகிறவரிடம் முதல் பக்கத்திலேயே கேள்வி கேட்கிறார்: போட்டிக்காகவா, சபையில் முந்துவதற்காகவா, மக்களின் முகங்களைத் தன் பக்கம் திருப்புவதற்காகவா படிக்க வந்தாய்? அப்படியானால் உன் மார்க்கத்தை நீயே இடிக்கிறாய் என்கிறார். நேர்வழிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, வெளியும் உள்ளும் உண்டு. தொடக்கத்தை உறுதிப்படுத்தாமல் முடிவை எட்ட முடியாது என்பது அவர் வாதம்.

அதற்குப் பின் ஞான ரகசியங்கள் வரும் என்று எதிர்பார்த்தால் கிடைப்பது வேறு. வைகறைக்கு முன் விழித்துக்கொள்; உன் நெஞ்சிலும் நாவிலும் முதலில் ஓடுவது இறைவனின் நினைவாக இருக்கட்டும். ஆடை உடுத்தும்போது மறைக்க வேண்டியதை மறைக்கும் கட்டளைக்காக உடுத்து, பிறர் பார்த்து மெச்சுவதற்காக அல்ல. கழிப்பிடத்துக்குள் இடக்காலை வைத்து நுழை, வலக்காலை வைத்து வெளியே வா. ஒளூ செய்வது இப்படி. பள்ளிக்கு நடப்பது இப்படி. சூரியன் எழுந்து உச்சிக்கு வரும் வரையிலான நேரத்தைக் கல்வி, வணக்கம், பிறருக்கு உதவி, குடும்பத்துக்கான உழைப்பு என்று எதில் செலவிடலாம் என்பது இப்படி. இரவும் பகலும் சேர்ந்து 24 மணி நேரம். அதில் எட்டு மணி நேரத்துக்கு மேல் உறங்காதே. 60 ஆண்டு வாழ்ந்தால் 20 ஆண்டு உறக்கத்தில் போகிறதே, அதுவே போதும் என்று கணக்கும் போட்டுக் காட்டுகிறார். பிறகு கண், காது, நாக்கு, வயிறு, கை, கால் ஒவ்வொன்றையும் காப்பது. பொறாமை, முகத்துதி, தற்பெருமை என்ற மூன்று நோய்களை உள்ளத்திலிருந்து களைவது. கடைசியில் பிறரோடு பழகும் ஒழுக்கம்.

பக்தாதின் பேராசிரியர், தத்துவவாதிகளை அவர்கள் களத்திலேயே எதிர்த்து நின்றவர், எந்தக் காலை முதலில் வைப்பது என்று சொல்லித்தருகிறார். இதில் இறக்கம் எதுவும் இல்லை. மினாராவின் தனிமையைக் கண்டவருக்கு நேர்வழி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்திருக்கிறது: கண் விழிக்கும் நொடியில், சட்டைக்குள் கை நுழையும்போது, வாசற்படியில். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சுமத்ராவின் பலெம்பாங்கிலிருந்து மக்காவுக்குச் சென்று வாழ்ந்த அப்துஸ் ஸமத், 1778இல் இந்த நூலைத் தழுவி மலாய் மொழியில் ஹிதாயதுஸ் ஸாலிகீன் எழுதினார். கஸ்ஸாலி எழுதிய காலை ஒழுங்கு அப்படிக் கடல் தாண்டி, நெல்வயல் ஓரத்துப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அரபு இலக்கணத்துக்குள்ளும் இந்த வேர் ஆழமாகப் போகிறது. பெயர்ச்சொல்லைக் கொண்டு தொடங்கும் வாக்கியத்தில் முதற்சொல்லுக்கு முப்ததா என்று பெயர். எதைக் கொண்டு தொடங்கப்பட்டதோ அது. அதை முடித்துவைக்கும் பகுதி கபர், செய்தி. அரபு இலக்கணத்தில் ஒரு சொல்லின் கடைசி உயிரொலி எப்படி இருக்க வேண்டும் என்பதை வேறொரு சொல் தீர்மானிக்கும். அந்த ஆளும் சொல்லுக்கு ஆமில் என்பார்கள். வினை ஆளும், இடைச்சொல் ஆளும். ஆனால் வாக்கியத்தின் முதலில் நிற்கும் முப்ததாவுக்கு முன்னால் ஒரு சொல்லும் இல்லையே, அதை ஆள்வது எது? பஸ்ரா நகரத்து இலக்கணிகள் தந்த விடை: இப்திதா. தொடங்குதல் என்ற நிலைதான் அதை ஆள்கிறது. அது எழுத்தில் இல்லை, ஒலியிலும் இல்லை. கருத்தில் மட்டும் உண்டு. அதனால் அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஆமில் என்ற தகுதியைக் கொடுத்தார்கள். கூஃபா நகரத்தார் ஒப்பவில்லை. இரண்டு சொற்களும் ஒன்றையொன்று ஆள்கின்றன என்றார்கள். இலக்கணத்தில் யார் பக்கம் நியாயம் என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பஸ்ராக்காரர்களின் விடை எனக்கு வணக்கம்போல் ஒலிக்கிறது. முன்னால் யாருமே இல்லை என்று தோன்றும் இடத்திலும் நம்மை நிமிர்த்தி நிறுத்தும் ஒன்று இருக்கிறது.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் இன்னொரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. முப்ததாவை நாம் எழுவாய் என்கிறோம். எழுவாய் என்ற சொல்லுக்குத் தொடக்கம், தோற்றுவாய் என்பதே மூலப்பொருள். வாக்கியத்தை முடிக்கும் சொல்லைப் பயனிலை என்கிறோம், பயன் நிலைக்கும் இடம். 1274இல் மறைந்த இப்னு மாலிக், ஏறக்குறைய ஆயிரம் அடிகளில் யாத்த அல்ஃபிய்யா என்ற இலக்கணச் செய்யுளில், கபர் என்பது ஃபாயிதாவை நிறைவாக்கும் பகுதி என்று வரையறுக்கிறார். ஃபாயிதா என்றால் பயன். ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள், தொடங்குவதையும் பயன் தருவதையும் வைத்தே வாக்கியத்தைப் பார்த்திருக்கின்றன. எழுவாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனிலை வரும்வரை கேட்பவர் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஓதுதலில் இதே சொல் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. குர்ஆனை எங்கே நிறுத்துவது, எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்லும் கலைக்கு வக்ஃப் வல் இப்திதா என்று பெயர். 940இல் மறைந்த இப்னுல் அன்பாரியும் 1053இல் மறைந்த அத்தானியும் இதற்கெனவே நூல்கள் எழுதினார்கள். அதன் அடிப்படை விதி ஒன்று நெடுநாளாக என்னோடு இருக்கிறது. அரபியில் உயிரொலி இல்லாத எழுத்தைக் கொண்டு தொடங்க முடியாது. உயிரொலியின் மீது நிறுத்துவதும் வழக்கமில்லை. உயிரொலிக்கு ஹரகத், அசைவு என்று பெயர். அது இல்லாத நிலைக்கு ஸுகூன், அமைதி என்று பெயர். ஆக, அசைவைக் கொண்டு தொடங்க வேண்டும், அமைதியில் நிறுத்த வேண்டும். சொல்லின் முதலெழுத்து ஸுகூனாக இருந்துவிட்டால் அதைத் தூக்கிவிட ஓர் அலிஃப் முன்னே வரும். நடுவில் தொடர்ந்து ஓதும்போது அந்த அலிஃபின் ஒலி காணாமல் போய்விடும். தொடங்குகிறவருக்குக் கைகொடுக்க வந்தது, நடை கூடியதும் விலகிக்கொள்கிறது. ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்மார்களில் நல்லவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அலிஃபின் நினைவு வருகிறது.

ஓதும்போது நடுவில் மூச்சு தீர்ந்துவிடும். எல்லோருக்கும் தீரும். கலிமாவின் முதற்பாதியில் நிறுத்திவிட்டால் இறைவனே இல்லை என்றாகிவிடும்; அப்படிப்பட்ட இடங்களும் உண்டு. மூச்சு தீர்ந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தக் கலையில் விடை தெளிவாக இருக்கிறது. சற்றே பின்னால் போய், பொருள் கூடிவருகிற சொல்லிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சூராவின் தலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. அறுந்த இடத்திலேயே முரட்டுத்தனமாக ஒட்டவைப்பதும் கூடாது. தொழுகை விடுபட்டுப்போன, உறவு முறிந்துபோன, நோன்பின் உற்சாகம் ஷவ்வால் பிறந்ததும் வற்றிப்போன எவருக்கும் இதைவிட இரக்கமான வழிகாட்டுதல் வேறு எங்கே இருக்கிறது? பொருள் கடைசியாகக் கூடியிருந்த இடம் எது என்று தேடி, அங்கிருந்து எடுக்க வேண்டும்.

குர்ஆனை முழுவதும் ஓதி கத்தம் செய்பவர்கள், கடைசி சூராவை முடித்த கையோடு அல்ஹம்து சூராவையும் பகராவின் தொடக்க வசனங்களையும் ஓதுவதை நம் பள்ளிவாசல்களில் பார்த்திருப்போம். வந்திறங்கியதும் மறுபடி கிளம்புபவர் என்று அப்படிப்பட்டவரை அரபியில் அழைப்பார்கள். அல்ஹம்து சூராவின் பெயரே ஃபாத்திஹா, திறந்துவைப்பது. மக்தபில் முதலில் மனனமாவது அதுதான். கடமையான ஐவேளைத் தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகளில் அது ஓதப்படுகிறது. எண்பது வயதிலும் திறந்துவைப்பதை ஓதாமல் தொழுகை இல்லை. பக்தாதின் ஜுனைத் (ரஹ்) அவர்களிடம், இந்தப் பாதையின் முடிவு எது என்று கேட்டபோது, தொடக்கத்துக்குத் திரும்புவதுதான் என்று விடை சொன்னதாக வழங்கிவருகிறது.

இறைவனின் திருப்பெயர்களில் இந்த வேர் அல்முப்திஃ என்று வருகிறது. தொடங்கிவைப்பவன். அதன் இணையாக அல்முஈத், மீட்டுத் தருபவன். இந்த இரு பெயர்களையும் கஸ்ஸாலி தம் அல்மக்ஸதுல் அஸ்னாவில் சேர்த்தே விளக்குகிறார். முன்மாதிரி எதுவும் இல்லாமல் உண்டாக்குவது முதலாவது. முன்பு இருந்ததை மறுபடி உண்டாக்குவது இரண்டாவது. இதை வைத்துப் பார்த்தால் நாம் தொடக்கம் என்று சொல்லிக்கொள்வதெல்லாம் உண்மையில் மறுதொடக்கம்தான். நமக்கு முன்பே மொழி இருந்தது, தாய் இருந்தாள், வழி இருந்தது. நம் இதயத்தின் முதல் துடிப்பைக்கூட நாம் தொடங்கவில்லை.

இதோடு சேர்த்து ஒரு பழைய செய்தி. நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) குர்ஆன் விளக்கத்தில் பேரறிஞர். அவருக்கே ஃபாதிர் என்ற இறைப்பெயரின் பொருள் சரிவரப் பிடிபடாமல் இருந்ததாம். ஒரு கிணற்றுக்காகச் சண்டையிட்டுக்கொண்டு இரண்டு நாட்டுப்புற அரபிகள் அவரிடம் வந்தார்கள். ஒருவர், இதை முதலில் தோண்டத் தொடங்கியவன் நான்தான் என்று சொல்ல, ஃபாதிர் பிறந்த அதே வேரின் வினைச்சொல்லைப் பயன்படுத்தினார். வானங்களையும் பூமியையும் தொடங்கியவன் என்ற பொருள் அப்போதுதான் அவருக்குத் துலங்கியது. பேரறிஞருக்குத் திருப்பெயரின் பொருளைத் திறந்துகொடுத்தது கிணற்றுக்காரரின் வழக்கு. பிதாயா என்ற பாமர வடிவம் பெருநூல்களின் தலைப்பில் ஏறியதைப் போலத்தான் இதுவும்.

தொடங்கிவைப்பவன் அவனே என்றால் நம் கையில் மிஞ்சுவது என்ன? நிய்யத். அதுவும் மிக நுணுக்கமான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடையிலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின்படி, ஒளூவில் முகத்தின் முதற்பகுதியில் தண்ணீர் படும்போது நெஞ்சில் நிய்யத் இருக்க வேண்டும். தொழுகையில் முதல் தக்பீரோடு சேர்ந்து இருக்க வேண்டும். செயல் நடந்த பிறகு வைத்த நிய்யத் அந்தக் கடமைக்கு ஆகாது. தொடக்கம் என்பது நாம் உள்ளே கலந்துவிடக்கூடிய மெல்லிய விளிம்பு. அதைத் தவறவிட்டால் அடுத்த விளிம்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்தது வெகு தொலைவில் இல்லை என்பதுதான் ஆறுதல். இஸ்லாமியக் கணக்கில் நாள் பிறப்பது மஃரிபில். வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் வெள்ளி இரவு என்று நம் வீடுகளில் சொல்வது அதனால்தான். புது நாள் இருளோடுதான் வருகிறது, வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதில்லை.

பிதாயதுல் ஹிதாயாவில் கஸ்ஸாலி தம் வாசகரிடம் ஒரு சோதனையைக் கேட்டுக்கொள்கிறார். முதலில் இந்தத் தொடக்க ஒழுங்குகளைக் கொண்டு உன் நஃப்ஸைப் பரிசோதித்துப் பார்; உள்ளம் அவற்றை நோக்கிச் சாய்கிறதென்றால் முடிவுகளை நோக்கிப் போ என்பதே அது. எனவே நூல் முழுவதையும் இன்றே கடைப்பிடிக்க முயல வேண்டாம். விழித்தெழும் ஒழுங்கைச் சொல்லும் முதற்பகுதியை மட்டும் இன்றிரவு படியுங்கள். தமிழிலோ அரபியிலோ, எது கைக்கு வருகிறதோ அதில். அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, நாளை ஃபஜ்ருக்கு எழும்போது செய்யுங்கள். மூச்சு தீர்ந்து நடுவில் நின்றுபோனால், சற்றே பின்னால் வந்து மறுபடி எடுங்கள்.